சிட்னியின் மணற்கல் மேட்டில் ஹீத் பூக்களைக் காண்பது எப்படி

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன்: "செப்டம்பரில் ராயல் தேசியப் பூங்காவின் கடற்கரைப் பாதையில் மூன்று மணி நேரம் நடந்தோம். காட்டுப்பூ சீசன் என்றார்கள். எங்கள் கண்ணுக்குப் பட்டதெல்லாம் இடுப்பளவு முரட்டுப் புதர்தான். படங்களில் வரும் பூக்கள் எங்கே?"

நீங்கள் போன இடமும் சரி, மாதமும் சரி. நடந்த வேகம்தான் கெடுத்திருக்கிறது. ஹீத் என்பது சத்தற்ற மண்ணில் வளரும் குட்டைப் புதர்க்காடு. அதன் பூக்களில் பல சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. பாதையோரம் முழங்கால் உயரத்துக்குக் கீழே, கரடுமுரடான இலைகளுக்கு நடுவே இருக்கும். கடலைப் பார்த்தபடி நடப்பவருக்கு அவை மங்கலான பச்சையோடு கலந்துவிடும். மூன்று மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் போவதற்குப் பதிலாக ஒரு கிலோமீட்டர் மட்டும் போய்ப் பாருங்கள். இருபது அடிக்கு ஒருமுறை நின்று, பாதையிலேயே மண்டியிட்டு, இரு பக்கமும் ஒரு நிமிடம் பாருங்கள். அந்த ஒரு கிலோமீட்டரிலேயே நல்ல செப்டம்பர் காலையில் முப்பது நாற்பது வகைப் பூக்களை எண்ணிவிடலாம்.

முதலில் அந்தப் புதர் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பார்வை மாறிவிடும். சிட்னியைச் சுற்றியுள்ள மேடுகள் ஹாக்ஸ்பரி மணற்கல்லால் ஆனவை. அது பொடிந்து உண்டாகும் மண் பெரும்பாலும் வெறும் மணல். தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. முக்கியமாக பாஸ்பரஸ் மிகமிகக் குறைவு. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு புது இலையை உண்டாக்குவது செடிக்குப் பெருஞ்செலவு. ஆகவே ஒருமுறை விட்ட இலை பல ஆண்டு தாங்க வேண்டும்: சிறியதாக, தடித்ததாக, விளிம்பு சுருண்டதாக, நுனி ஊசியாக. நீங்கள் "முரட்டுப் புதர்" என்றது இந்தச் சிக்கனத்தைத்தான். வெயிலுக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. வெயில் இருந்தால் சர்க்கரை செய்துகொள்ளலாம். அதனால்தான் இலையில் கஞ்சத்தனம் காட்டும் அதே செடி பூவில் தேனைத் தாராளமாக வைக்கிறது. இந்த ஏழை மண்ணில் ராயல் பூங்காவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் உள்ளன.

கருவி என்று ஒன்றே ஒன்று வாங்குங்கள்: பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ். நகைக்கடைக்காரர் வைத்திருப்பாரே, அதே வகை. அதைப் பூவின் மேல் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிப் பார்த்தால் மங்கலாகவே தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தோடு சேர்த்துப் பூவை நோக்கிப் போங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் சட்டென்று தெளியும். பூவைப் பறித்துக் கண்ணுக்குக் கொண்டுவரக் கூடாது, நாம்தான் பூவிடம் போக வேண்டும். தேசியப் பூங்காவில் பூப் பறிப்பது சட்டப்படியும் குற்றம். நியூ சவுத் வேல்ஸில் காட்டுப்பூக்களைக் காக்கத் தனிச் சட்டம் 1927லேயே வந்துவிட்டது. பூக்கடைகளுக்காகக் கூடை கூடையாக அறுத்துச் சென்றதில் சில இனங்கள் நகரின் அருகே அரிதாகிப்போனதுதான் அதற்குக் காரணம்.

நேரம்: காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்கு முன்னால் போனால் வெயிலில் மட்டும் திறக்கும் பூக்கள் மூடியிருக்கும். தெலிமிட்ரா என்ற சூரிய ஆர்க்கிட் மேகமூட்டமான, குளிர்ந்த நாளில் திறக்கவே திறக்காது. நாள் முழுக்க மொட்டாகவே நிற்கும். பாட்டர்சோனியா என்ற ஊதாப் பூ நேர்மாறு. காலையில் மூன்று இதழ் விரித்து, பிற்பகலில் சுருங்கிவிடும். மறுநாள் அதே தண்டில் வேறு பூ வரும். பிற்பகலில் கடற்காற்றும் எழுந்துவிடும். ஆடும் பூவை லென்ஸிலும் பார்க்க முடியாது, படமும் எடுக்க முடியாது.

இனி எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போவதால் பயனில்லை. குடும்பத்தைப் பிடியுங்கள், நான்கைந்து குடும்பங்களைப் பிடித்துவிட்டால் ஹீத்தின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும். அதில் நான்கு நம் சமையலறைக்கும் வயலுக்கும் உறவானவை.

கறிவேப்பிலை, எலுமிச்சைக் குடும்பத்திலிருந்து தொடங்கலாம். பொரோனியாவும் எரியோஸ்டெமானும் அந்த வீட்டுப் பிள்ளைகள். இரண்டும் இளஞ்சிவப்பு, இரண்டும் ஆகஸ்ட், செப்டம்பரில் பூப்பவை, புதியவர்கள் எப்போதும் குழம்புவதும் இந்த இரண்டில்தான். இதழை எண்ணுங்கள். நான்கு என்றால் பொரோனியா, ஐந்து என்றால் எரியோஸ்டெமான். இன்னும் சந்தேகமா? இலையைப் பாருங்கள். பொரோனியாவின் இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கும், மற்றதில் மாறி மாறி வரும். இலையை வெளிச்சத்துக்கு எதிராக லென்ஸில் பார்த்தால் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். கறிவேப்பிலையில் மணம் குடியிருக்கும் எண்ணெய்ப் பைகள் இவையேதான். செடியிலிருக்கும்போதே இலையை விரலால் லேசாகத் தேய்த்து முகர்ந்தால் குடும்பம் தானாகத் தெரிந்துவிடும். இந்தக் கூட்டத்தில் பொரோனியா செருலேட்டா என்ற ஒன்று, சிறு கிண்ணம் போலக் குவிந்து, ரோஜா நிறத்தில், இலைகள் அடுக்கி வைத்ததுபோல இருக்கும். சிட்னியைச் சுற்றி மட்டுமே வளர்வது. அதைக் கண்டால் அன்று வேறெதுவும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது கொத்தமல்லி, கேரட் குடும்பம். ஃப்ளானல் ஃப்ளவர் அதில் சேர்ந்தது என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. பார்க்க வெள்ளைச் சாமந்தி போல, தொட்டால் கம்பளித் துணி போல இருக்கும். வெள்ளை இதழ்கள் என்று நாம் நினைப்பவை இதழ்களே அல்ல, ரோமம் அடர்ந்த பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் நடுவிலுள்ள குமிழில் நெருக்கியடித்து நிற்கின்றன. லென்ஸைக் குமிழின் மேல் கொண்டுபோங்கள். கொத்தமல்லிப் பூங்கொத்தை இறுக்கிக் கட்டியது போன்ற அமைப்பு புலப்படும். இலையின் பிளவுகளும் மல்லியை நினைவூட்டும்.

மூன்றாவது ஆமணக்குக் குடும்பம். ஆகஸ்ட் கடைசியில் கடலோர மணலில் ஒரு புதர் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். அங்கே அதை வெட்டிங் புஷ் என்பார்கள். அதன் தாவரப் பெயர் ரிசினோகார்பஸ், "ஆமணக்குக் காய் உடையது" என்று பொருள். ஒரே செடியில் ஆண்பூ அதிகம், பெண்பூ குறைவு. நடுவில் மகரந்தக் கம்பம் நிற்பது ஆண்பூ. பெண்பூவின் நடுவில் குட்டி ஆமணக்குக் காய் போன்ற முள்ளுருண்டை இருக்கும். பத்துப் பூக்களில் ஒரு பெண்பூவைத் தேடிப் பாருங்கள், குழந்தைகளோடு போனால் நல்ல விளையாட்டு.

மஞ்சளும் செங்காவியுமாகப் பாதையோரம் நிறைந்திருப்பவை பெரும்பாலும் அவரைக் குடும்பம். அவற்றை ஒட்டுமொத்தமாக 'எக்ஸ் அண்ட் பேக்கன்' (முட்டையும் பன்றியிறைச்சியும்) என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கேதான் கண்ணைப் பழக்க நல்ல பாடம் இருக்கிறது. மேலே நிமிர்ந்த அகன்ற இதழ் உயரத்தைவிட அகலம் அதிகமாக இருந்து, இலை மேற்புறத்தில் பள்ளக்கோட்டோடு ஊசிபோல் இருந்தால் டில்வைனியா. இலைக்காம்பின் அடியில் காகிதம் போன்ற பழுப்புச் செதில் ஒட்டியிருந்தால் புல்டெனியா. காய் முக்கோணமாக இருந்தால் டேவிசியா. பூவை மட்டும் படமெடுத்து வந்தால் இவற்றைப் பிரித்துச் சொல்வது கடினம். எனவே ஒரு செடிக்கு ஐந்து படம் எடுங்கள்: முழுச் செடி, இலை தண்டில் சேரும் இடம், பூவின் முகம், பூவின் முதுகு, காய் இருந்தால் காய். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி தவறான பெயர் சொல்வதற்குப் பெரும்பாலான நேரம் காரணம் இலைப் படம் இல்லாததுதான். செயலி சொன்ன பெயரை சிட்னி ராயல் தாவரவியல் பூங்காவின் பிளான்ட்நெட் தளத்தில் சரிபாருங்கள். அங்கே விளக்கமும் பரவல் வரைபடமும் இருக்கும்.

இனி புரோட்டியா குடும்பம். இந்த மண்ணின் அரசர்கள் இவர்கள்தான்: பேங்க்சியா, கிரெவில்லியா, ஐசோபோகன், லாம்பர்டியா, வராட்டா. பாஸ்பரஸ் இல்லாத மணலில் இவை எப்படிப் பிழைக்கின்றன என்பதற்கு விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் இவற்றின் வேரில் பாட்டில் கழுவும் பிரஷ் போலக் குட்டை வேர்கள் கொத்தாக முளைத்து, அமிலம் சுரந்து, மணலில் ஒட்டியிருக்கும் கடைசித் துளி பாஸ்பரஸையும் கரைத்து உறிஞ்சிவிடும். இதே திறமைதான் தோட்டத்தில் இவற்றைக் கொல்கிறது. சாதாரண உரம் போட்டால் உறிஞ்சுவதை நிறுத்தத் தெரியாமல் இலை கருகிச் சாகும். வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் உள்நாட்டுத் தாவரங்களுக்கென்று விற்கும் பாஸ்பரஸ் குறைந்த உரத்தைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது.

கிரெவில்லியா பூவை லென்ஸில் பார்க்கும்போது நீளமான கம்பி ஒன்று வளைந்து, அதன் நுனி இன்னும் மொட்டுக்குள் சிக்கியிருப்பதைத் தேடுங்கள். மொட்டு விரியும் முன்பே மகரந்தப் பைகள் வெடித்துத் தம் தூளை அந்தக் கம்பியின் நுனியில் பூசிவிடுகின்றன. பிறகு கம்பி விடுபட்டு நிமிர்ந்து, மகரந்தத்தை ஏந்தி நிற்கும். தேன் குடிக்க வரும் பறவையின் நெற்றியில் அது ஒட்டும். மகரந்தம் போய் முடிந்த சில நாள் கழித்தே அதே நுனி பெண்ணுறுப்பாக வேலை செய்யும். ஒரே கொத்தில் இந்தப் பருவங்கள் அனைத்தையும் வரிசையாகப் பார்க்கலாம்.

பறவையா பூச்சியா என்பதையும் பூவே சொல்லும். எபாக்ரிஸ் லாங்கிஃப்ளோரா சிவப்புக் குழல், நுனியில் வெள்ளை, மணமில்லை. ஈஸ்டர்ன் ஸ்பைன்பில் என்ற பறவையின் வளைந்த மெல்லிய அலகுக்கு அளவெடுத்தது போன்ற குழல். பக்கத்திலேயே வெள்ளையாகப் பூத்த வூல்சியாவை முகருங்கள், தேன் வாசனை, அது பூச்சிகளுக்கு. டெட்ராதீகா ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் தலைகுனிந்து தொங்கும். நடுக்கறுப்பைப் பார்க்க அடியிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். அதன் மகரந்தப் பைக்கு நுனியில் ஒரு ஓட்டைதான். நீலவரித் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு உலுக்கினால் மட்டுமே தூள் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த உலுக்கல் தெரியாது.

ஸ்டைலிடியம் என்ற சிறு இளஞ்சிவப்புப் பூ தனிக் கதை. ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு தண்டு, பூவின் ஓரத்தில் பின்னுக்கு வளைந்து ஒளிந்திருக்கும். மெல்லிய புல் நுனியால் பூவின் தொண்டைப் பகுதியைத் தொடுங்கள். கண்ணிமைப்பதற்குள் தண்டு சுண்டி மறுபக்கம் வந்து அடிக்கும். பூச்சியின் முதுகில் மகரந்தம் பூசுவதற்கான ஏற்பாடு. பல நிமிடங்கள் கழித்துத்தான் மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒரு பூவை ஒருமுறைக்கு மேல் சீண்டாதீர்கள்.

பாதை ஈரமான பள்ளத்தில் இறங்கும் இடங்களில் தரையையே பாருங்கள். ரூபாய் நாணய அளவில் சிவப்பு வட்டங்களாக ட்ரோசரா படர்ந்திருக்கும். அதன் நெருங்கிய உறவுகள் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் உண்டு. பூச்சியை ஒட்டிப் பிடித்து, மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒருவர் அதன் மேலேயே மிதித்துக்கொண்டு நிற்பார், கவனம். கோடையில் (அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) அதே ஈரத்தில் கிறிஸ்துமஸ் பெல்ஸ் என்ற செம்மஞ்சள் மணிகள் தொங்கும். ஆர்க்கிட்களில் கிரிப்டோஸ்டைலிஸ் வகையைக் கோடையில் பார்க்கலாம். ஆண் குளவி அதைப் பெண் குளவி என்று நினைத்துக் கூடப் பறந்துவரும். விக்டோரியாவைச் சேர்ந்த எடித் கோல்மன் இதைக் கண்டறிந்து 1927இல் எழுதினார்.

மாதக் கணக்கு இது. ஏப்ரல் முதல் ஜூலை வரை பேங்க்சியா எரிசிஃபோலியாவின் செம்மஞ்சள் கதிர்களும், வாட்டில் எனப்படும் அக்கேசியாவில் நறுமண வகையும், எபாக்ரிஸும். ஜூலை கடைசியில் பொரோனியா தொடங்கும். ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் முடிய உச்சம். வராட்டா செப்டம்பர், அக்டோபரில். ஃப்ளானல் ஃப்ளவர் அக்டோபரில் நிறையும். டிசம்பரில் வெயில் கொளுத்தினாலும் பேங்க்சியா செராட்டாவும் குட்டை ஆங்கோஃபோராவும் பூத்திருக்கும். ஆங்கோஃபோராவின் மேல் மினுங்கும் வண்டுகள் கூட்டமாக மேயும். சிட்னிக்கு மேற்கே உள்ள நீலமலைத் தொடரின் (ப்ளூ மவுண்டன்ஸ்) உயரமான ஹீத்தில் எல்லாமே சில வாரம் தள்ளி வரும்.

எங்கே என்றால், ராயல் பூங்காவிலேயே கர்ரா மூர்ஸ் சுற்றுப்பாதை, ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஆனால் முதல் இரண்டு கிலோமீட்டரில் நின்றுவிட்டுத் திரும்பினாலே போதும். கார் இல்லாதவர்கள் குரொனல்லாவுக்கு ரயிலில் போய், படகில் பண்டீனா இறங்கி, கடற்பாதையைப் பிடிக்கலாம். நகருக்கு வடக்கே கூ-ரிங்-கை சேஸ் தேசியப் பூங்காவில் வெஸ்ட் ஹெட் பகுதியின் எல்வினா பாதை சமதளம், முதியவர்களுக்கு எளிது. அங்கே மணற்கல் பாறைகளில் பழங்குடியினர் செதுக்கிய உருவங்கள் உள்ளன, அவற்றின் மேல் கால் படக்கூடாது. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ இருந்தால் மேன்லி அருகே நார்த் ஹெட் தேர்ந்தெடுங்கள். அங்கே இருப்பது கிழக்குப் புறநகர் பேங்க்சியா புதர்க்காடு; ஒருகாலத்தில் சிட்னியின் கிழக்கே 5,000 ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்தது, இன்று துண்டு துண்டாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சிட்னியின் வடபுறத்தில் கோவன் என்ற ஊருக்கு வடக்கே உள்ள முகாமர்ரா காப்பகம் ஆண்டில் சில வார இறுதிகளில் மட்டும், குளிர்காலக் கடைசியில் திறக்கும். தேதி அறிந்து முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

எந்தத் துண்டு எப்போது எரிந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீத்துக்கு நெருப்பு பகையல்ல, அடிக்கடி வரும் நெருப்புதான் பகை. 1994 ஜனவரியில் ராயல் பூங்காவில் 90 விழுக்காட்டுக்கு மேல் எரிந்தது. வராட்டாவும் பேங்க்சியா செராட்டாவும் அடிக்கிழங்கிலிருந்தோ தடித்த பட்டைக்கு அடியிலிருந்தோ மீண்டும் துளிர்த்துவிடும். பேங்க்சியா எரிசிஃபோலியா அப்படியே செத்துப்போகும், ஆனால் அதன் மரத்தாலான காய்கள் சூட்டில் வாய் திறந்து விதையைச் சாம்பலில் உதிர்க்கும். அந்தக் கன்று முதல் பூ விடவே ஐந்தாறு ஆண்டு, போதிய விதை சேர இன்னும் சில ஆண்டு. அதற்குள் மறுபடி எரிந்தால் அந்த இடத்திலிருந்து அந்த இனமே போய்விடும். எரிந்து இரண்டு மூன்று ஆண்டான சரிவில் ஃப்ளானல் ஃப்ளவர் பனி விழுந்ததுபோல் பூக்கும். பல ஆண்டு எரியாத இடத்தில் அதே செடி ஒன்றிரண்டுதான். அதன் இளஞ்சிவப்புத் தங்கை ஆக்டினோட்டஸ் ஃபோர்சிதி இன்னும் பிடிவாதக்காரி. விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கி, நெருப்பும் அதன்பின் நல்ல மழையும் கூடிவந்தால் மட்டும் எழும். 2019–20 கோடையின் பெருந்தீக்குப் பிறகு, 2021 தொடக்கத்தில் நீலமலைத் தொடரின் கரிந்த மேடுகள் அப்படித்தான் சிவந்தன.

செருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று. பைட்டோப்தோரா சின்னமோமி என்ற மண்வாழ் நுண்ணுயிர் வேரை அழுக வைக்கும். புல்மரம், வராட்டா, பேங்க்சியா எல்லாம் அதற்கு இரை, ஒரு இடத்தில் புகுந்துவிட்டால் அகற்ற வழியில்லை. அது பயணம் செய்வது நம் காலணியின் அடிமண்ணில். முதலில் கெட்டியான பிரஷால் மண்ணை முழுக்கத் தேய்த்து எடுங்கள், பிறகு மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஏழு பங்கும் தண்ணீர் மூன்று பங்கும் கலந்த கரைசலை அடிப்பகுதி நனையத் தெளித்து, ஒரு நிமிடம் விடுங்கள். மண்ணை எடுக்காமல் தெளித்தால் மருந்து உள்ளே போகாது. பலர் செய்யும் தவறு இதுதான். வீட்டிலிருந்து கிளம்பும்போதும், ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும், நடைப்பாதை வாசலில் கழுவுமிடம் இருந்தால் அங்கேயும் செய்யுங்கள். பாதையை விட்டு ஒரு அடிகூட விலகாதீர்கள். பூக்காத ஆர்க்கிட் ஒற்றை இலையாகத்தான் இருக்கும், மிதித்தது தெரியவே தெரியாது.

உண்ணி ஆபத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குக் கடலோரத்தின் பக்கவாத உண்ணி இந்தப் புதர்களில்தான் காத்திருக்கும். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு வந்ததும் காதின் பின்புறம், கழுத்து, தலைமயிர் ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் விரலாலோ சாமணத்தாலோ பிடுங்காதீர்கள். நசுங்கினால் எச்சில் உடலுக்குள் போகும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஈத்தர் கலந்த ஸ்ப்ரேயால் இருந்த இடத்திலேயே உறைய வைத்தால் செத்து உதிரும். மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் உடனே 000 எண்ணை அழையுங்கள். இந்த உண்ணிக்கடிக்குப் பிறகு சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒவ்வாமையே வந்துவிடுகிறது.

படம் எடுக்கும்போது வெள்ளைப் பூவெல்லாம் விவரமின்றி வெளிறிப்போகிறது என்றால், திரையில் பூவைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். நேர்வெயிலில் உங்கள் நிழலையே பூவின் மேல் விழவிடுவது நல்லது. காற்றாடினால் தண்டை விரலால் தாங்கிக்கொள்ளலாம், வளைக்கக் கூடாது.

அடுத்த முறைக்கு இப்படித் திட்டமிடுங்கள்: செப்டம்பர் முதல் வாரம், வெயில் உள்ள நாள், காலை ஒன்பது மணிக்கு எல்வினா பாதையில் இறங்குங்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு லென்ஸ், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, மண்டியிட ஒரு மடித்த துண்டு. முதல் ஐந்நூறு மீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பாக எதைப் பார்த்தாலும் முதலில் இதழை எண்ணுங்கள்.